தம்பி போட்ட தளம்

என் தம்பி லட்சுமணசாமிக்கு உட்கார்ந்து சாப்பிடத் தெரியாது. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் மாட்டுக் கட்டுத்தரைக்குமாக நடந்தபடியே தின்று முடித்துவிடுவான். "சோத்தையாவது ஒரு எடத்துல உக்காந்து தின்னு தொலையேண்டா" என்று எங்கள் அம்மா சாகும்வரை திட்டிப் பார்த்தாள். அவன் கேட்டால்தானே.

கால் நிற்காதவனுக்குத் தொழில் மட்டும் எப்படி நிற்கும்? நெகமத்துப் பக்கம் எல்லோரும் பருத்தி போட்டபோது இவனும் போட்டான். மறு வருஷம் தக்காளி என்றான். தக்காளி செடியிலேயே பழுத்து அழுகியது. பிறகு பல்லடத்தில் நாலு தறியை வாடகைக்குப் பிடித்தான். தறிச் சத்தம் காதுக்குப் பழகிவிட்டதாம், ஒரே இடத்தில் நிற்பதுதான் தனக்கு ஆகவில்லையாம். அதையும் விட்டுவிட்டு வந்தான். ஒவ்வொரு தடவையும் சுல்தான்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு வருவான். மொபெட்டை அணைக்காமலே கேட்டுக்கு வெளியே நின்று, "அக்கா, இந்த வாட்டி பாரு" என்பான். உள்ளே வந்து ஒரு டம்ளர் மோர் குடிக்கக்கூட அவனுக்கு நேரம் கிடையாது. எனக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும். திட்டி அனுப்பிவிட்டு அன்றைக்கு முழுக்க அவன் நினைப்பாகவே இருப்பேன்.

அதெல்லாம் போகட்டும். அவனிடம் நான் பொறுக்காத குணம் வேறு. எதையும் யாரிடமும் கேட்கமாட்டான். செய்துவிட்டுத்தான் சொல்வான். சொல்லவும் மறந்துவிடுவான்.

எங்களுக்கு ஒரு அண்ணன் உண்டு, திருமலைசாமி. தம்பி ஓடுகிற ஓட்டத்துக்கெல்லாம் சேர்த்து இவர் நிதானம். அந்தியூர்ச் சந்தைக்குப் போய், குளம்பையும் சுழியையும் பார்த்துப் பார்த்து ஒரு ஜோடிக் காளை பிடித்து வந்தார். அதுகளுக்குத் தண்ணீர் காட்டாமல் தான் காப்பி குடிக்கமாட்டார். அவர் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போயிருந்த சமயம், டிராக்டர் வாங்குகிறேன் என்று தம்பி அந்த ஜோடியை விற்றுவிட்டான். அண்ணன் திரும்பி வந்து, காவடி மாலையைக்கூடக் கழற்றாமல் கட்டுத்தரையில் போய் நின்றார். இரண்டு கயிறு மட்டும் கிடந்தது. சத்தம் போடுவார், அடிப்பார் என்று நான் பயந்தேன். ஒன்றும் செய்யவில்லை. அன்றோடு தம்பியிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

பிறகு பாகம் பிரித்தார்கள். வீட்டுக்கு நடுவே சுவர் எழுந்தது. தோட்டத்தின் நடுவே வரப்பு வந்தது. கிணற்றைப் பிரிக்க முடியாதே. கிணறும் மோட்டாரும் பொதுவில் நின்றன. தண்ணீருக்கு முறை வைத்தார்கள், ஆளுக்கு ஒரு வாரம். சனிக்கிழமை காலையில் முறைக்காரர் வந்து மோட்டார் ரூம் பக்கத்தில் இருக்கும் வால்வைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். இடப்பக்கம் திருப்பினால் அண்ணனின் தென்னந்தோப்பு, வலப்பக்கம் திருப்பினால் தம்பியின் வெள்ளாமைக் காடு. இத்தனை வருஷமாக அந்த வால்வு ஒன்றுதான் இரண்டு பேர் கையும் படுகிற பொருள்.

நடுவில் மாட்டிக்கொண்டவள் நான். பிறந்த வீட்டுக்குப் போனால் காலைப் பலகாரம் ஒரு வீட்டில், மத்தியானச் சோறு ஒரு வீட்டில். ஒரு வீட்டில் இட்லி ஒன்று கூடுதலாகத் தின்றால் இன்னொரு வீட்டில் முகம் சுருங்கும். அங்கே போய்விட்டு வந்தாலே எனக்குத் தலைவலிதான்.

தொண்ணூற்றைந்தில், பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில், தம்பி மறுபடி என் கேட்டுக்கு வந்து நின்றான். இந்த வாட்டி கோழிப்பண்ணை. உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் அப்போதுதான் அது பரவிக்கொண்டிருந்தது. கம்பெனிக்காரர்கள் குஞ்சும் தீவனமும் கொடுப்பார்கள், நாம் செட் என்கிற கொட்டகை போட்டு வளர்த்துத் திருப்பிக் கொடுக்கவேண்டும். செட் கிழக்கு மேற்காக நீண்டிருக்கவேண்டும், அப்போதுதான் வெயில் உள்ளே விழாது. தரை காங்கிரீட்டாக, விரிசல் இல்லாமல் இருக்கவேண்டும். சித்திரையில் வந்து பார்த்துவிட்டுக் குஞ்சு இறக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"இது ஆகலீன்னா, கேரளாவுக்கு லாரியில லோடு அடிக்கப் போயிர்றதுன்னு இருக்கறனக்கா. காட்ட வித்துப்போட்டு" என்றான்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அவன் சொன்னால் செய்வான். காளையை விற்றவனுக்குக் காட்டை விற்க எவ்வளவு நேரம் ஆகும்? அவன் பாகத்தில் வேறு யாரோ வந்து உட்கார்ந்துவிட்டால், அண்ணனும் தம்பியும் ஒன்று சேர்வது என்பது இந்த ஜென்மத்தில் இல்லை. அதனால்தான், வேலையாட்களுக்குச் சமைத்துப் போட ஆள் வேண்டும் என்று அவன் கூப்பிட்டதும் துணியை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நான் போனபோது இரண்டு வரிசையாகக் கல்லுக்கால் நட்டு முடித்திருந்தான். ஆள் உயரத்துக்கு மேலே கருங்கல் கால்கள், அதன் தலைமேல் இரும்புச் சட்டம். கூரைக்கு சிமெண்ட் சீட் ஏற்றிய லாரி மட்டும் வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று கடைக்காரர் இழுத்துக்கொண்டிருந்தார். தம்பி ஒரு நாளில் பத்துத் தடவை ரோட்டுக்குப் போய் எட்டிப் பார்த்தான்.

தளம் போடுகிற பொறுப்பு யூனுஸ் மேஸ்திரியுடையது. கோவை கோட்டைமேட்டுக்காரர். நல்ல வேலைக்காரர், முன்கோபி. "ஏனுங்க, கூரை ஏறட்டுமுங்க. நெழல்ல போட்டாத் தளத்துக்கு நல்லது. இந்த வெயில்ல எதுக்குங்க அவசரம்?" என்றார்.

தம்பிக்கு அது பிடிக்கவில்லை. நேராகக் கருப்பராயன் கோயிலுக்குப் போனான், பூக் கேட்க. எங்கள் ஊரில் கிணறு வெட்டினாலும் பெண் கொடுத்தாலும் அந்தச் சாமியிடம் பூக் கேட்காமல் செய்வதில்லை. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். "சீட் வந்ததுக்கப்பறம் தளம் போடலாமா சாமி?" என்று கேட்டிருக்கிறான். சிவப்பு. "அப்பொ இந்த வெள்ளிக்கெழமையே போட்டுரலாமா?" வெள்ளை. மொபெட்டில் பறந்து வந்தான். முகமெல்லாம் பல்.

யூனுஸ் மேஸ்திரி வானத்தைப் பார்த்தார். "உங்க சாமி சொன்னாச் சரீங்க. நான் என்னத்தச் சொல்றது" என்று மிக்சர் மெசினுக்குச் சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை என்று சாமியே சொல்லிவிட்டது. மறுநாள் சனிக்கிழமை, தண்ணீர் முறை மாறுகிற நாள். அது தம்பிக்கும் தோன்றவில்லை, அவன் மனைவி துளசிமணிக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சாமியைச் சொல்லிக் குற்றமில்லை. தளம் போடலாமா என்று கேட்டான், போடு என்றது. தண்ணீர் யாருடையது என்று கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருக்கும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆரம்பித்தார்கள். மெசின் கடகடவென்று சுற்ற, பெண்கள் வரிசையாக நின்று சட்டி மாற்ற, மேஸ்திரி மட்டப்பலகையைப் பிடித்து இழுத்து இழுத்துச் சமன் செய்தார். தம்பி ஜல்லிக் குவியலுக்கும் மெசினுக்கும் நடுவில் ஓடி, எல்லோர் காலிலும் மிதிபட்டான். "கவுண்டரே, நீங்க அக்கட்ட போய் நின்னீங்கன்னா வேலை சுருக்கா முடியுமுங்க" என்று மேஸ்திரி சொல்லியே விட்டார். பொழுது சாயும்போது முழு நீளத்துக்கும் தளம் விழுந்துவிட்டது. பார்க்க அவ்வளவு அழகு. துளசிமணி ஓரத்தில் நின்று, "கோழிக்குப் போட்டத நம்ம ஊட்டுக்குள்ள போட்டிருக்கலாமுங்க" என்று என் காதில் சொன்னாள். தம்பி வீட்டில் அப்போதும் சாணித் தரைதான்.

போகும்போது மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனார்: "காலைல மொத வேலையாச் சுத்தியும் மண்ணுல பாத்தி கட்டித் தண்ணிய நிறுத்திருங்க. ஒரு வாரத்துக்குத் தளம் காயவே கூடாதுங்க. கூரை வேற இல்லை. காஞ்சதுன்னாப் பாளம் பாளமா வெடிச்சிரும். அப்பறம் என்னையக் கூப்புடாதீங்க."

சனிக்கிழமை காலை நாங்கள் மூன்று பேரும் மண்ணைக் குழைத்துத் தளத்தின்மேல் பாத்தி கட்டினோம். தம்பி மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து ஓஸ் குழாயைப் பிடித்தான். முதல் பாத்தி நிறைந்தது, இரண்டாவதில் பாதி நிறைந்தது. ஓஸ் தொய்ந்துபோய் நின்றது. கரண்ட் போய்விட்டதோ என்று பார்த்தால் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தோம். அண்ணன் தோளில் துண்டோடு வால்வை இடப்பக்கம் திருப்பிவிட்டுத் தோப்புக்குள் போய்க்கொண்டிருந்தார். கோபமாக அல்ல, வேண்டுமென்றும் அல்ல. அவர் முறை வந்தால் எப்போதும் செய்வதைத்தான் செய்தார்.

தம்பி காலி ஓஸைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"போயி ஒரு வார்த்தை கேளுங்க. இந்த ஒரு வாரத்தை மாத்திக்கலாம்னு சொல்லுங்க. என்ன கொறஞ்சா போயிருவீங்க?" என்றாள் துளசிமணி.

"அவருகிட்டயா? நானா?" என்றான். மொபெட்டை எடுத்துக்கொண்டு பறந்தான்.

அன்றைக்கு அவன் போகாத தோட்டமில்லை. டிராக்டர் டேங்கரில் தண்ணீர் கேட்டுப் பார்த்தான். பங்குனியில் யார் கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது? ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாராம், "உங்க கெணத்துல தண்ணி நிக்குது. அண்ணனக் கேக்கறத உட்டுப்போட்டு எங்ககிட்ட வாரீங்களே" என்று. ஒரு பேரலில் பாதித் தண்ணீரை வாங்கி வந்தான், அது ஒரு மூலைக்குக்கூடப் போதவில்லை. நானும் துளசிமணியும் பஞ்சாயத்துக் குழாயில் குடம் குடமாகச் சுமந்தோம். குழாயும் நின்றது. சாக்கை நனைத்துப் போட்டோம், வைக்கோலைப் பரப்பினோம். ஊற்றுகிற தண்ணீர் கண்ணெதிரே காணாமல் போனது.

மத்தியானம் ஆவதற்குள் மேற்கோரம் வெளுக்க ஆரம்பித்தது. குனிந்து கையை வைத்தேன், சுட்டது. முடி கனத்துக்கு ஒரு கோடு தெரிந்தது. கேரளாவுக்குப் போகிற லாரி வீட்டு வாசலில் வந்து நிற்கிற மாதிரியே இருந்தது.

பொறுக்கமாட்டாமல் தோப்புக்குப் போனேன். அண்ணன் தென்னைக்கு வட்டப்பாத்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, அவன் தளம் வெடிக்குதுங்க. இந்த வாரத் தண்ணிய அவனுக்கு உட்டுருங்க. அடுத்த வாரம் நீங்க எடுத்துக்குங்க."

மண்வெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "நானு உடமாட்டேன்னு எப்பொ அம்மணி சொன்னேன்? அவன் வந்து கேக்கட்டும். கேட்டா உடறேன்."

"அவன் கேக்கமாட்டாங்கண்ணா. உங்களுக்குத் தெரியாதா?"

"அப்பொக் கேக்காத தண்ணி எப்பிடி வரும்?" என்றுவிட்டு அடுத்த தென்னைக்கு நகர்ந்தார்.

திரும்பி வந்து தம்பியிடம் சொன்னேன். ஈரச் சாக்கை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கவில்லை. "கேக்கமாட்டேன்க்கா. அவரா உட்டா எடுத்துக்கறேன். காளைக்கின்னு எத்தன வருசம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவாரு? நானு மனுசனில்லையா? என்னைய ஒரு வார்த்தை வஞ்சிருந்தாக்கூட அன்னைக்கே கால்ல உழுந்திருப்பேன்."

எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஓங்கி ஒரு அறை விடலாம் போலவும் இருந்தது.

"அப்பொ வெடிச்சுச் சாகட்டும். நீயும் உன்ற அண்ணனும் வீராப்பக் கட்டிக்கிட்டு அழுங்க" என்று கத்திவிட்டு நடந்தேன். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடலாம் என்றுதான் நினைத்தேன். கால் மோட்டார் ரூம் பக்கம் போய்விட்டது. வால்வு அடுப்பில் வைத்த தோசைக்கல்லாகச் சுட்டது. முந்தானையைச் சுற்றிப் பிடித்து, இரண்டு கையாலும் வலப்பக்கம் திருப்பினேன். குழாய்க்குள் தண்ணீர் இரைந்துகொண்டு போனது.

தோப்பில் தண்ணீர் நின்றதும் அண்ணன் விறுவிறுவென்று வந்தார். தம்பிதான் திருப்பியிருப்பான் என்று நினைத்திருப்பார். என்னைப் பார்த்ததும் வேகம் குறைந்தது.

"அம்மணி, இது என்ற முறை" என்றார்.

"தெரியுமுங்கண்ணா. என்ற முறை எந்த வாரம்?"

"உனக்கேது அம்மணி முறை?"

"ஏனுங்க இல்லை? அப்பன் செத்தப்ப இந்தக் காட்டுல மூணுல ஒண்ணு எனக்குன்னு பத்திரம் எழுதுன வக்கீல் சொல்லலீங்களா? பாகம் பிரிக்கறோம், பத்திர ஆபீசுக்கு வான்னீங்க. வந்தேன். இங்க கையெழுத்துப் போடுன்னீங்க. போட்டேன். ஒரு குழி நெலம் கேக்கலீங்க, ஒரு தென்னை மரம் கேக்கலீங்க. ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருங்க, எனக்கு அது போதும்னு அந்த ஆபீசுல எல்லாத்துக்கும் முன்னால சொன்னேன். ரெண்டு பேரும் தலைய ஆட்டினீங்க. படியெறங்கறதுக்குள்ள நீங்க கெழக்க போனீங்க, அவன் மேக்க போனான். நானு சொன்னத நீங்க ரெண்டு பேருமே செய்யலீங்க. அப்பறம் நானு மட்டும் எதுக்குங்க உட்டுக்குடுக்கோணும்? எனக்கு என்ற முறையக் குடுங்க."

அழக்கூடாது என்று வைராக்கியமாக நின்றேன். கண் கேட்கவில்லை, வழிந்துகொண்டே இருந்தது. ஓஸில் தண்ணீர் வந்ததைப் பார்த்துத் தம்பியும் ஓடி வந்திருந்தான். நான் பேசியதெல்லாம் அவன் காதிலும் விழுந்தது. பின்னால் துளசிமணி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "செரி. இந்த வாரம் உன்ற முறை. நானு கை வெக்கல."

நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். "ஆனா ஒண்ணு. தண்ணி உன்றது. அவனுக்கு வேணும்னா அவன் உன்னையக் கேக்கட்டும்."

எனக்கு மறுபடி கோபம் வந்தது. இந்த மனிதருக்கு எந்த நேரத்தில் என்ன பிடிவாதம். தம்பி வலப்பக்கமாகத் திரும்பி நடக்கப் போகிறான், மொபெட்டை உதைக்கும் சத்தம் கேட்கப் போகிறது என்று நினைத்தேன். அவன் நகரவில்லை. சிமெண்ட் அப்பிய இரண்டு கையையும் வேட்டியில் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தான்.

"அக்கா" என்றான். "உன்ற தண்ணிய நானு எடுத்துக்கட்டுமா?"

அண்ணன் முகத்தைக் கிணற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எடுத்துக்க கண்ணு என்று சொல்லத்தான் நினைத்தேன். நான் அந்த வீட்டில் பிறந்து, வளர்ந்து, கட்டிக் கொடுக்கப்பட்டு, என் பிள்ளைகளுக்கும் கல்யாணமாகிவிட்டது. பெண் பார்க்க வந்தவனைப் பிடித்திருக்கிறதா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கையெழுத்துப் போடச் சொன்னார்களே தவிர, போடுகிறாயா என்று கேட்டதில்லை. இப்போது ஒருவன் கேட்டும் தலையை மட்டும்தான் ஆட்டினேன். அவன் அதைப் பார்க்காமல், நான் வாயைத் திறந்து சொல்லட்டும் என்று காத்துக்கொண்டு நின்றான்.